எலியாவின் பந்தயம்

ஜிஜோ பிளக்கைச் சொருகியதும் ஆம்ப்ளிஃபயர் முனகத் தொடங்கியது. மூடிய டப்பாவுக்குள் வண்டு சுற்றுவதுபோல ஒரே சுருதியில் நிற்காத முனகல். முன்னறையில் ஃப்ரீசர் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அவன் பதறிப்போய் ஒலியைக் குறைத்தான். பிளக்கைப் பிடுங்கி ஜன்னலோரத்துப் பாயிண்டில் மாற்றினான். அங்கேயும் அதே முனகல்தான்.

"எலே, என்ன சத்தமாக்கும் அது?" முற்றத்துப் பந்தலிலிருந்து பொன்னப்பன் கேட்டார். சபைச் செயலாளர், இறந்தவருக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி.

"பெட்டிக்க மோட்டாரு பக்கத்துல ஓடுது மாமா. அதைக் கிட்டார் பிடிக்குது."

"எலியா வாசிச்சா இப்பிடி ஒரு நாளும் கேக்காது."

ஜிஜோ ஒலியை இன்னும் குறைத்தான். மடியில் கிடந்த கிட்டாரைப் பார்த்தான். அவனுக்கும் மூத்த கிட்டார். கப்பலில் வேலைபார்த்த ஒருவர் ஜப்பானிலிருந்து கொண்டுவந்து எலியாவுக்கு விற்றது. தேன் நிறம் ஓரங்களில் கறுத்து, வலது முழங்கை படும் இடத்தில் வண்ணம் போய் வெறும் மரம் தெரிந்தது. இந்த மாதிரிப் பழைய கிட்டார்களில் கம்பிகளுக்குக் கீழே காந்தத்தைச் சுற்றி ஒற்றைச் சுருள்தான் இருக்கும். கம்பியின் அதிர்வோடு பக்கத்தில் ஓடுகிற மோட்டாரின் இரைச்சலையும் அது சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஜிஜோவின் கிட்டாரில் இரட்டைச் சுருள். ஒன்று பிடிக்கும் இரைச்சலை மற்றது அழித்துவிடும். அது அவன் காரின் டிக்கியில் கிடந்தது. களியக்காவிளையில் ஒரு கல்யாண வரவேற்பில் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் மனைவி சிஜி போன் செய்தாள். அப்பா கடையில் விழுந்துவிட்டார் என்று மட்டும் சொன்னாள். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது வெளிப்பெஞ்சில் சிஜி தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மடியில் அப்பாவின் செருப்பு இருந்தது.

பெட்டிக்குள் எலியா வெள்ளைச் சட்டையோடு கிடந்தார். அமரவிளை ஜங்ஷனில் மைக் செட் கடை வைத்திருந்தவர். கல்யாணம், கட்சிக் கூட்டம், சாவு என்று எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி கட்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பார். மஸ்கட்டில் இருந்த மகன் அனூப்புக்காகத்தான் பெட்டி வந்தது. விடியற்காலையில் வந்து சேர்ந்ததிலிருந்து அவன் அக்காள் கணவனான ஜிஜோவிடம் ஒரே பிடிவாதமாக இருந்தான்.

"அளியா, அப்பாக்க அடக்கத்துல அப்பாக்க கிட்டார் கேக்கணும். நிங்க வாசிச்சா போரும்."

வேறு யார் வாசிப்பது? பாடகர் குழுவில் கிட்டார் தெரிந்தவர் ஒருவரே, அவர் பெட்டிக்குள் இருந்தார். ஆனால் ஜிஜோவுக்கு விரல்கள் ஓடவில்லை. எழுந்தான். ஒயரை நகர்த்திப் போட்டான். வெளியே போய் பால் சேர்க்காத ஒரு கட்டன் சாயா வாங்கினான். குடிக்காமலேயே அதைச் சுவரின்மேல் வைத்துவிட்டு மறுபடி உள்ளே வந்தான். எங்கே போனாலும் யாராவது ஒருவர் அந்தப் பேச்சை எடுத்தார்கள்.

"நீதானே தோத்த மருமோன்?" என்று உதியன்குளங்கரையிலிருந்து வந்த ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எலியாக்க செவி எப்பிடிப்பட்ட செவி! கண்ணை மூடி இருந்து சொல்லிட்டாராமே."

"ஆமா," என்றான் ஜிஜோ.

"பழசு பழசுதான், என்னா?"

"ஆமா."

"நீயே ஒத்துக்கிட்டியாமே. அதாக்கும் மரியாத."

ஜிஜோ பொழியூர் கடப்புறத்துக்காரன். அப்பாவும் சித்தப்பாமாரும் கடலுக்குப் போகிறவர்கள். அவன் பகலில் வள்ளங்களின் எஞ்சின் பழுது பார்ப்பான். சாயங்காலம் வரவேற்புகளில் வாசிப்பான். கத்தோலிக்கன்; எலியாவின் சபையோ புராட்டஸ்டண்ட். சிஜியை அவன் கட்டிக்கொண்டபோது எலியா சண்டை போடவில்லை, பேசாமல் இருந்துவிட்டார். அந்த மௌனத்தை உடைத்தது கிட்டார்தான். முதல் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வந்தபோது, சுவரில் சாய்ந்திருந்த ஜிஜோவின் புதிய கிட்டாரை எலியா விரலால் தட்டிப் பார்த்தார்.

"இது மரமா, பிளைவுட்டா?"

"மரம்தான் மாமா."

"மரம்னா உணங்கணும், ஈரம் போயி காயணும். உணங்க உணங்கத்தான் நாதம் வரும். இது இப்பம் வெட்டுன மரச்சீனிக் கம்பு மாதிரியில்லா இருக்கு."

அன்று தொடங்கிய சண்டை ஓயவே இல்லை. அந்த வீட்டில் இருவருக்கும் நடுவே வேறு பேச்சு கிடையாது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்குப் பதில் எலியா, "அந்த பொம்மை சாமானம் இன்னும் சத்தம் போடுதா?" என்று போனில் கேட்பார். ஜிஜோ விடமாட்டான்.

"மாமா, அண்ணைக்கு ஆயிரம் கிட்டார் செஞ்சான். மோசமானது எல்லாம் அடுப்புக்குப் போச்சு. நல்லதை மட்டும் ஆளுங்க எடுத்து வச்சாங்க. மிஞ்சினதைப் பாத்துட்டு பழசு எல்லாம் நல்லதுன்னு நிங்க சொல்லுதீங்க. இண்ணைக்கு மெஷின் அறுக்குது, மயிரிழை தப்பாது."

"மெஷினுக்குச் செவி உண்டா?"

"ஒங்க கிட்டாருக்கு ஒரு பாட்டுக்குள்ளயே சுருதி எறங்குதே!"

"அது எறங்காது. மூச்சு விடுதாக்கும்."

மாமி கிருபாபாய் அடுக்களையிலிருந்து, "சோறு ஆறுது. ரண்டு மரத்தையும் அடுப்புல வைக்கட்டா?" என்பாள்.

அதில்தான் பந்தயம் வந்தது. சபையில் எல்லார் முன்னாலும் எலியாவே சொன்னார். கண்ணால் பார்க்காமல் தன் கிட்டாரை அடையாளம் சொல்வார். தோற்றுப்போனால் கிறிஸ்மஸுக்கு ஜிஜோ தன்னுடைய புது சாமானத்தோடு பாடகர் குழுவில் உட்கார்ந்து வாசிக்கலாம். ஜெயித்துவிட்டால் அவன் ஆயுசுக்கும் வாயைத் திறக்கக்கூடாது. "கத்தோலிக்கன் நம்ம கொயர்லயா?" என்று பொன்னப்பன் கேட்டாராம். "தோத்தாத்தானே?" என்று எலியா சிரித்தாராம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோறு முடிந்த பிறகு, இதே முன்னறையில்தான் அது நடந்தது. நியாயத்துக்காக ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் அணைத்தார்கள். எலியா நாற்காலியைத் திருப்பிப்போட்டு, சபைக் கோப்பைகள் அடுக்கியிருந்த கண்ணாடி அலமாரியைப் பார்த்து உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் ஜிஜோ. அன்றுதான் அவன் முதன்முதலாக அந்தப் பழைய கிட்டாரைத் தொட்டான். ஒரே பாட்டை இரண்டு தடவை வாசித்தான். முதலில் பழையதில், பிறகு தன்னுடையதில்.

எலியா அலமாரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரண்டாவது வாசிச்சியே, அதாக்கும் எனக்க கிட்டாரு," என்றார்.

ஜிஜோவுக்கு முதலில் சிரிப்பு வரப் பார்த்தது. உடனே அது நின்றுபோனது. பின்னாலிருந்து பார்க்கும்போது மாமாவின் கழுத்து மெலிந்திருந்தது. காதோரத்து மயிர் முழுக்க நரைத்திருந்தது. செவி போய்விட்டது என்று நினைத்தான். ஆயுள் முழுக்க செவியால் பிழைத்த மனிதர். அதை நான் சொல்லியா அவர் தெரிந்துகொள்ள வேண்டும்?

"சரியாச் சொல்லிட்டீங்க மாமா. தோத்துட்டேன்."

நாற்காலி திரும்பவில்லை. "அப்பிடியா?"

"ஆமா மாமா."

"உண்மையாட்டா?"

"உண்மையாக்கும்."

"ம்," என்றார் எலியா. பிறகு, "கிருபா, சாயா இடு," என்றார்.

ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தது பொன்னப்பன்தான். ஜிஜோ பந்தயப்படி வாயை மூடிக்கொண்டான். கிட்டார் பேச்சு போனதும் இருவருக்கும் நடுவே எதுவுமே இல்லாமல் போயிற்று. அதற்கப்புறம் எலியா போன் செய்யவில்லை. ஜெயித்த கர்வம் என்று ஜிஜோ நினைத்தான். இப்போது அவர் கண்ணாடிக்குக் கீழே கிடக்கிறார். வந்தவர்கள் எல்லாரும் அவன் கொடுத்த பொய்யை அவருடைய பெருமையாகத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள்.

"போதகர் பாறசாலையில இருந்து பொறப்பட்டாச்சு," என்று சொல்லிக்கொண்டு அனூப் உள்ளே வந்தான். ஆம்ப்ளிஃபயரின் முனகலைக் கேட்டு முகத்தைச் சுளித்தான். "இன்னும் நிக்கல்லியா?"

"நிக்காது அளியா. பெட்டி ஓடுறது வரைக்கும் நிக்காது." ஜிஜோ தயங்கினான். "எனக்க கிட்டார் வண்டில கெடக்கு. அதுல இந்த எரச்சல் வராது."

அனூப் அவனை ஒரு மாதிரி பார்த்தான். "அப்பா தோப்பிச்சு விட்ட சாமானத்த அப்பாக்க அடக்கத்துலயா?"

சிஜி பெட்டியின் தலைமாட்டிலிருந்து நிமிர்ந்தாள். "அனூப், மெதுவாப் பேசு."

"நான் தப்பாச் சொல்லல்ல அக்கா. ஊருக்கே தெரியுமே." அவன் சுவரோரம் குனிந்து ஃப்ரீசர் பெட்டியின் ஒயரைத் தேடினான். "பாட்டு முடியறது வரைக்கும் பெட்டிய ஆஃப் பண்ணலாம். கொஞ்ச நேரம்தானே."

"ஆஃப் பண்ணவா?" சிஜி பெட்டியின் கண்ணாடிமேல் கை வைத்தாள். "சூடு எப்பிடி இருக்கு பாத்தியா? அப்பாவ..." பெண்களில் ஒருத்தி ஜெபம் சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டாள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று ஜிஜோவுக்குத் தோன்றியது. அன்று மாமா தன்னுடையது என்று சொன்னது என் கிட்டாரை என்று சொல்லிவிட்டால் இந்தச் சண்டை இங்கேயே முடியும். பெட்டியும் ஓடும், பாட்டும் சுத்தமாகக் கேட்கும். ஆனால் முற்றத்தில் பொன்னப்பன் இருக்கிறார், அந்த உதியன்குளங்கரைப் பெரியவர் இருக்கிறார். அடக்கத்துக்கு முன்னாலேயே எலியாவின் செவியைப் புதைத்த மாதிரி ஆகும். அவன் பழைய கிட்டாரின் கம்பிகளை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றான்.

"ஜிஜோ." மாமி எழுந்திருந்தாள். "இஞ்ச வா மக்கா. ஒரு பெட்டி எறக்கணும்."

உள்ளறையில் இறக்குவதற்குப் பெட்டி எதுவும் இல்லை. கிருபாபாய் கதவைச் சாத்தினாள். காலையிலிருந்து அவளும் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. தலைமாட்டில் நாற்காலி போட்டுக் கொடுத்தும் அடுக்களைக்கும் முன்னறைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். இப்போது கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

"அவன் பெட்டிய ஆஃப் பண்ணுவானா?"

"பண்ணுவான் போலிருக்கு மாமி."

"நீ ஒண்ணும் சொல்லல்லியே."

"நான் என்ன சொல்ல?"

"அண்ணைக்கு நடந்ததச் சொல்லலாமே."

ஜிஜோ சட்டென்று நிமிர்ந்தான்.

"நான் அடுக்களை வாசல்ல நிண்ணேன் மக்கா. நீ ரண்டாவது எடுத்தது ஒன்னதுன்னு எனக்குத் தெரியாதா? எனக்க கண்ணு என்ன கிட்டார் வாசிக்கவா போச்சு?"

அவன் தலை குனிந்தான். "மாமாக்க செவி போச்சுன்னு நெனச்சேன் மாமி. அதச் சொல்ல மனசு வரல்ல."

"செவியா? அந்த ஆளுக்கா?" அழுது வீங்கிய முகத்தில் கோபம்போல ஒன்று வந்து போயிற்று. "பக்கத்து வீட்டு குக்கரு எத்தன விசிலு அடிச்சுதுன்னு இஞ்ச இருந்து கணக்குச் சொல்லுவாரு. செவிக்கு ஒரு கொறச்சலும் இல்ல. அவரு எங்க பாத்து இருந்தாரு அண்ணைக்கு?"

"சுவரப் பாத்து."

"சுவரா? அலமாரிக் கண்ணாடியப் பாத்தாக்கும். தலைல இருந்து கால் வரைக்கும் நீ அதுல தெரிஞ்சே. நீ கிட்டார் மாத்துனத நான் பாத்த மாதிரி அவரும் பாத்தாரு."

ஜிஜோ அவளையே பார்த்தான். வெளியே நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது.

"பாத்தாருன்னா பின்ன எதுக்குத் தப்பாச் சொன்னாரு?"

கிருபாபாய் முந்தானையை மடக்கினாள், பிரித்தாள். "தோக்கணும்னு உக்காந்தா வேற எப்பிடிச் சொல்லுவாரு? ஒன்னக் கொயர்ல கொண்டு இருத்தணும்னு ரொம்ப நாளா ஆச. எத்தன வருஷம் கடப்புறத்துக்காரன், கத்தோலிக்கன்னு சொன்ன வாயி அது. அந்த வாய் வச்சு நேரா வா மக்கான்னு கூப்பிட முடியுமா? பந்தயத்துல தோத்துப் போனேன், இனி நான் என்ன செய்யன்னு சபைல சொல்லலாமில்லியா? அதுக்காக்கும் இவ்வளவும். நீ பெரிய மரியாதக்காரன், ஒரே வார்த்தைல கெடுத்துப்போட்டே."

ஜிஜோ சுவரில் சாய்ந்துகொண்டான்.

"அண்ணைக்கு ராத்திரி படுக்கையில என்ன சொன்னாரு தெரியுமா? 'பய என்னத் தோக்க விடல்லியே கிருபா'ன்னாரு. சொல்லிட்டுச் சிரிச்சாரு. பின்ன ரொம்ப நேரம் உறங்கல்ல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே மாமி."

"சொல்லுவாரு, சொல்லுவாருன்னுதான் நானும் இருந்தேன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஜிஜோ கேட்டான். "அலமாரிக் கண்ணாடி இல்லாம இருந்தா, மாமா சரியாச் சொல்லியிருப்பாரா?"

"நானும் அதே கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'வாயப் பொத்திட்டுப் படு'ன்னாரு."

ஜிஜோவுக்குச் சிரிப்பு வெடித்தது. அதை அடக்கக் கையால் வாயைப் பொத்தினான். தோள் குலுங்கியது. இப்போது அவன் சிரிக்கவில்லை என்று புரிந்துகொண்ட கிருபாபாய் அவன் முதுகில் கை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லல்ல," என்று எழுந்தாள். "ரண்டும் ஒனக்கு முன்னால கெடக்கு. நீயாச்சு."

பின்வாசல் வழியாக அவன் காருக்குப் போனான். டிக்கியைத் திறந்து தன் கிட்டாரை எடுத்தான். அதில் நேற்று முன்தினத்துக் கல்யாணத்தின் மினுமினுப்புத் தூள் ஒட்டியிருந்தது. சட்டை நுனியால் துடைத்தான், போகவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தான்.

போதகர் வந்துவிட்டிருந்தார். பாடகர் குழுவின் ஜோஸ்னா கீபோர்டை விரித்துவைத்திருந்தாள். அனூப் சுவரோரம் ஃப்ரீசர் பெட்டியின் ஸ்விட்சில் விரல் வைத்துக் காத்திருந்தான். ஜிஜோவின் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"அளியா, நான் அவ்வளவு சொல்லியும்..."

"ஸ்விட்ச்சுல இருந்து கைய எடு, அனூப்," என்றாள் கிருபாபாய். அன்று முதல் தடவையாகத் தலைமாட்டு நாற்காலியில் முழுசாக உட்கார்ந்திருந்தாள். "ஒனக்க அப்பனுக்கு உஷ்ணம் ஆகாது."

அனூப் அம்மாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். சிஜி பழைய கிட்டாரை நாற்காலியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அனூப் கையை எடுத்தான்.

ஜிஜோ சொருகினான். ஆம்ப்ளிஃபயரில் எந்தச் சத்தமும் இல்லை. பெட்டியின் மோட்டார் மட்டும் தன்பாட்டுக்கு ஓடியது. ஜோஸ்னா சுருதி கொடுத்தாள். அவன் தொடங்கினான். முதல் இரண்டு வரிகளில் விரல்கள் வழுக்கின. பெண்களின் குரல்கள் சேர்ந்ததும் பிடி கிடைத்தது. பாட்டு ஏறியபோது அவன் பெட்டியைப் பார்க்கவில்லை, கம்பிகளையே பார்த்தான். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் கிட்டார் மட்டும் தனியே போகிற இடம் வந்தது. எலியா அதை எப்போதும் கொஞ்சம் தாமதித்து, காலை மெல்ல ஊன்றுகிறவரைப்போல வாசிப்பார். ஜிஜோவும் தாமதித்தான்.

ஜன்னலுக்கு வெளியே பந்தலில் பொன்னப்பனின் குரல் தழுதழுத்தது.

"கேட்டியா? கேட்டியாலே? அதாக்கும் எலியாக்க கிட்டாரு. உணங்குன மரத்துக்க நாதம். இண்ணைக்கு உள்ள சாமானத்துல இது வருமா?"

"வராது," என்றார் உதியன்குளங்கரைப் பெரியவர்.

சிஜி சட்டென்று கணவனைப் பார்த்தாள். அப்பாவின் கிட்டார் அவள் மடியில் இருந்தது. அவளுடைய ஈரமான கன்னத்தில் சிரிப்புப்போல ஏதோ ஒன்று அசைந்தது. பழைய கிட்டாரின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அனூப் வெளியே போய் விஷயத்தைச் சொல்வதற்காகக் கதவுவரை நடந்தான். அங்கேயே நின்று, கதவுநிலையில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

வீட்டு ஆராதனை முடிந்து எலியாவைச் சபைக்குக் கொண்டுபோனார்கள். மேட்டுவழியில் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஜிஜோ இல்லை. கிட்டாரையும் ஆம்ப்ளிஃபயரையும் சுமந்துகொண்டு பின்னால் வந்தான். கோயிலுக்குள் பாடகர் குழுவின் இடம் பலிபீடத்துக்கு இடப்பக்கம், ஒரு மரக்கிராதிக்கு உள்ளே. அவன் கிராதியோடு நின்றுவிட்டான். கல்யாணத்துக்கு, ஞானஸ்நானத்துக்கு, எத்தனையோ கிறிஸ்மஸ் ராத்திரிகளுக்கு இந்தக் கோயிலுக்கு வந்திருக்கிறான். கிராதிக்கு இந்தப் பக்கம் மட்டும்தான்.

கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த பொன்னப்பன் அவன் முன்னால் வந்து நின்றார். அவன் கையில் இருந்த நீல நிறக் கிட்டாரைப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த மினுமினுப்பைப் பார்த்தார். அவருடைய வாய் திறந்தது.

"வீட்டுல வாசிச்சது..."

"ஆமா மாமா."

பொன்னப்பன் திரும்பிச் சவப்பெட்டி இருந்த பக்கம் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். அவர் என்ன சொல்வார் என்று ஜிஜோ காத்திருந்தான். அவர் குனிந்து கிராதியின் தாழ்ப்பாளை எடுத்தார்.

"பாயிண்டு அந்தத் தூணுக்குப் பொறத்தால ஆக்கும்," என்றார்.

ஜிஜோ உள்ளே போய் ஒயரை இழுத்தான். தூணுக்கு எட்டவில்லை. இன்னும் இழுத்துப் பார்த்தான், ஒரு முழம் குறைந்தது. போதகர் புத்தகத்தைத் திறந்து நிமிர்ந்துவிட்டார். அவன் தடுமாறி நிற்பதைப் பார்த்த ஜோஸ்னா, பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். பாடகர் குழுவின் பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பொன்னப்பன் ஒரு முனையைப் பிடித்தார். நீளமான அந்தப் பெஞ்சு தரையில் உரசிக்கொண்டு தூணை நோக்கி நகர்ந்தது.